பூமிக்குள் தண்ணீர் தங்குவதும் ஓடுவதும்

கொங்கு நாட்டில் கிணறுள்ள நிலத்துக்குத் தோட்டம் என்றும், கிணறில்லாமல் மழையை எதிர்பார்த்திருக்கும் நிலத்துக்குக் காடு என்றும் பெயர். மண் ஒன்றேயாயினும், நடுவே ஒரு கிணறு தோன்றிவிட்டால் காடு தோட்டமாகிவிடுகிறது. நிலத்தின் விலையும், அதை உழுபவனுடைய கௌரவமும் கூடவே உயர்கின்றன. ஆகையால் அவ்விடங்களில் ஒரு குடியானவன் தன் ஆயுளில் செய்யும் பெருஞ்செலவுகளில், மகளின் விவாகத்துக்கு அடுத்தபடியாகக் கிணறு வெட்டுவதையே சொல்லவேண்டும். நகையை அடகு வைத்தும், கடன் பத்திரம் எழுதியும் வெட்டிய கிணற்றில் தண்ணீர் வந்தால் அது மூன்று தலைமுறைக்குச் சோறு போடும். வராவிட்டால், கடன் தீர்ந்த பிறகுங்கூட அந்தக் குழி காட்டின் நடுவே வாயைத் திறந்துகொண்டு கிடக்கும்.

ஒரு கிணற்றில் நாற்பதடியில் தண்ணீர் ததும்ப, வேலிக்கு அப்பால் நூறு கஜ தூரத்தில் தொண்ணூறு அடி தோண்டிய கிணற்றில் குடிக்கவும் நீரில்லை என்பது அங்கே அன்றாடம் காணும் காட்சி. இதை அதிர்ஷ்டம் என்று சொல்வாருண்டு. வேப்பங்கவையையும் தேங்காயையும் கையில் ஏந்தி ஊற்றுப் பார்ப்பவர்களை அழைத்து வருவாருமுண்டு. பூமிக்கடியில் ஆறுகள் ஓடுகின்றன என்றும், தன் கிணறு அந்த ஆற்றின் மேல் விழவில்லை என்றும் நினைப்பவர் பலர். பூமிக்குள் நீர் நரம்புகள் ஓடுவதாக எண்ணுவது பழைய காலத்து வழக்கந்தான். ஆறாம் நூற்றாண்டினரான வராகமிகிரர் தம் பிருகத் சம்ஹிதையில் நீர் காண்பதற்கென்றே ஓர் அத்தியாயம் எழுதி, மரங்களையும் புற்றுகளையும் அடையாளமாகக் கூறியிருக்கிறார். புற்றும் பசுமரமும் ஓரளவுக்கு ஈரத்தைக் காட்டும் என்பதில் பிழையில்லை. ஆனால் அந்த ஈரம் எவ்வளவு, அது கிணற்றுக்கு எவ்வளவு வேகமாக வந்து சேரும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை மரத்தில் இல்லை. மண்ணிலும் கல்லிலும் உள்ள இரண்டு தன்மைகளில் இருக்கிறது. அவ்விரண்டையும் ஒன்றென மயங்குவதாலேயே பெரும்பாலான பணம் வீணாகிறது.

முதலாவது, மண்ணிலோ கல்லிலோ உள்ள வெற்றிடத்தின் அளவு. இதைப் புரைமை என்று சொல்லலாம். இரண்டாவது, அந்த வெற்றிடங்கள் ஒன்றோடொன்று எவ்வளவு தாராளமாக இணைந்து நீருக்கு வழி விடுகின்றன என்பது. இதற்கு ஊடுருவவிடும் தன்மை என்று பெயர். குதிர் எவ்வளவு பெரியது என்பது முதலாவதைப் போன்றது. குதிரின் வாய் எவ்வளவு அகலமானது என்பது இரண்டாவதைப் போன்றது. பெரிய குதிருக்குச் சிறிய வாய் இருப்பதும், சிறிய குதிருக்குப் பெரிய வாய் இருப்பதும் உலகத்தில் உண்டல்லவா?

களத்திலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனை

ஒரு மரக்கால் நிறையக் கொண்டைக்கடலையும், மற்றொரு மரக்கால் நிறையக் கடுகும் எடுத்துக்கொண்டு, இரண்டிலும் விளிம்பு மட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றினால், கடலையில்தான் அதிக நீர் பிடிக்கும் என்று எவரும் நினைப்பர். கண்ணுக்குத் தெரியும் சந்துகள் அதில்தானே பெரியவை! ஆனால் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு நீரையே கொள்ளும். ஒரே பருமனுள்ள உருண்டைகளை எவ்வளவு நெருக்கி அடுக்கினாலும் நூற்றுக்கு 26 பங்கு வெற்றிடம் இருந்தே தீரும். மிகவும் தளர்த்தி அடுக்கினால் 48 பங்கு வரையில் போகும். உருண்டை பெரிதா சிறிதா என்பது இக்கணக்கில் சேராது. இப்போது இரண்டு மரக்கால்களின் அடியிலும் துவாரமிட்டுப் பார்த்தால் வித்தியாசம் விளங்கிவிடும். கடலையிலிருந்து நீர் பீறிட்டு வரும். கடுகிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கும். சந்து குறுகக் குறுக நீர் மணிகளோடு உராய்வது மிகுதியாகிறது. மணியின் விட்டம் இரு மடங்கானால் நீர் செல்லும் வேகம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். கடைசியாகக் கடலையையும் கடுகையும் ஒன்றாகக் கலந்து பார்த்தால், கடுகு கடலையின் சந்துகளில் போய் உட்கார்ந்துகொள்வதால், முன்னிரண்டையும்விடக் குறைந்த நீரே பிடிக்கும். ஆற்று மணலில் வண்டல் கலந்துவிட்டால் நேரிடுவது இதுவே.

களிமண்ணின் கதை இதைவிட விசித்திரமானது. அதில் நூற்றுக்கு 40 முதல் 60 பங்கு வரையில் வெற்றிடம் உண்டு. மணலிலோ 25 முதல் 40 பங்குதான். அப்படியானால் களிமண்ணில் வெட்டிய கிணறே சிறந்த கிணறாக இருக்கவேண்டும். ஆனால் களிமண்ணின் துகள்கள் மிகவும் நுண்ணியவை. அவற்றின் இடையேயுள்ள நீர் துகளோடு ஒட்டிக்கொண்டு விடுகிறது. பத்துப் படி பெருமணலில் மூன்றரைப் படி தண்ணீர் பிடித்தால், அடைப்பைத் திறந்தவுடன் இரண்டு படியளவு வெளியே வந்துவிடும். பத்துப் படி களியில் ஐந்து படி நீர் இருந்தாலும் நாளெல்லாம் காத்திருப்பவனுக்கு ஒரு கையளவு நீர் கிடைப்பதும் அரிது. மணல் கொடுக்கிறது, களி வைத்துக்கொள்கிறது. ஆகவே கிணறு வெட்டுகிறவனுக்கு வேண்டியது புரைமையின் மொத்த அளவன்று, அதில் எவ்வளவு பங்கு கிணற்றுக்குள் வடிந்து வரும் என்பதே. சுத்தமான ஆற்று மணலில் அப்படி வடிவது நூற்றுக்குப் பதினைந்து பங்குக்கு மேலிருக்கும். களியில் இரண்டு மூன்று பங்கைத் தாண்டுவதில்லை.

நெல் பயிரிடுகிறவர்கள் இந்தத் தத்துவத்தைப் பெயர் தெரியாமலேயே நெடுங்காலமாகக் கையாண்டு வருகிறார்கள். தொழி உழவு எதற்காக? நீரை நிறுத்திச் சேறாக உழுது மிதிக்கும்போது, மண்ணின் மொத்த வெற்றிடம் அதிகமாய்க் குறைந்துவிடுவதில்லை. பெரிய சந்துகள் உடைந்து நுண்ணிய சந்துகளாகிவிடுகின்றன. நீர் கீழே இறங்குவது அதனால் பெரிதும் தடைப்பட்டு வயலில் நிற்கிறது. அதே சேறு காய்ந்த பிறகு வயலில் உளுந்து விதைப்பவனுக்கு வேரும் நீரும் இறங்காமல் தொல்லை கொடுப்பதும் இதே காரணத்தினால்தான்.

நீர் மணலுக்குள் செல்லும் விதியை அளந்து எழுதியவர் பிரான்ஸ் தேசத்து எஞ்சினீயராகிய ஹென்றி டார்சி என்பவர். திழோன் நகரத்துக்குக் குடிநீர் வசதி செய்துகொடுத்த அவர், நிமிர்த்தி வைத்த இரும்புக் குழாயில் மணலை நிரப்பி, அதன் வழியே நீரை விட்டுப் பார்த்து, தம் முடிவை 1856-ல் வெளியிட்டார். மேல் முனைக்கும் கீழ் முனைக்கும் நீர் மட்டத்தில் எவ்வளவு வித்தியாசம் இருக்கிறதோ அவ்வளவுக்கு நீர் அதிகமாகச் செல்லும். மணலின் நீளம் கூடக்கூட அவ்வளவுக்குக் குறையும். மற்றதெல்லாம் மணலின் இனத்தைப் பொறுத்தது என்பதே அவர் கண்டது. இதைக்கொண்டு ஒரு கணக்குப் பார்த்தால் பூமிக்கடியில் ஆறு ஓடுகிறது என்ற எண்ணம் தானே கரைந்துபோகும். நீர் மட்டம் 500 அடிக்கு ஓரடி சரிந்திருக்கும் நல்ல நடுத்தர மணலில், நாளொன்றுக்கு 30 அடி என்ற ஊடுருவும் அளவும், நூற்றுக்கு 25 பங்கு வெற்றிடமும் இருப்பதாகக் கொண்டால், நீர் நாளொன்றுக்குக் கால் அடிக்கும் சற்றுக் குறைவாகவே நகரும். வருஷம் முழுவதும் நடந்தால் சுமார் 88 அடி. இது நல்ல மணலில். நயமான களியில் இதன் லட்சத்தில் ஒரு பங்கு கூடத் தேறாது.

பாறை நாட்டுக் கிணறு

இதுவரை சொன்னது மணிமணியாக இருக்கும் மண்ணைப் பற்றியது. ஆனால் தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் நாலில் மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவான பகுதி, கோயம்புத்தூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தருமபுரி முதலிய ஜில்லாக்கள் உட்பட, கடினமான பழம்பாறையின் மேல் அமைந்திருக்கிறது. கருங்கல்லும் வரிப்பாறையுமாகிய இவற்றில், காற்றும் நீரும் படாத பச்சைப் பாறையை உடைத்துப் பார்த்தால் வெற்றிடம் நூற்றுக்கு ஒரு பங்கு கூட இராது. அம்மிக்கல் தண்ணீர் குடிப்பதில்லை. அப்படியிருக்க, அங்கே லட்சக்கணக்கான கிணறுகள் எப்படிப் பயிரை வளர்த்தன?

கிணறு வெட்டுகிற ஒட்டர்களைக் கேட்டால் விடை சொல்லிவிடுவார்கள். மேலே செம்மண்ணோ கரிசலோ சில அடிகள். அதன் கீழ் பல இடங்களில் சுண்ணாம்புக் கற்கள். அதன் கீழ் சரளை. பிறகு கடப்பாரைக்கு உதிர்ந்து வரும் மக்கிய பாறை. பிறகு வெடி வைத்தால்தான் பெயரும் பாறை, அதில் கோடுகோடாக வெடிப்புகள். கடைசியில் வெடிப்பே இல்லாத கெட்டிக் கல். பல்லாயிரம் ஆண்டுகளாக மழைநீர் உள்ளே இறங்கி, பாறையை மேலிருந்து கீழாக அரித்துச் சிதைத்ததால் உண்டான அடுக்குகள் இவை. சிதைந்த அடுக்கில் வெற்றிடம் உண்டு, ஆனால் பாறையிலுள்ள சில தாதுக்கள் சிதைந்து களியாகிவிடுவதால், வடிந்து வரக்கூடிய நீர் நூற்றுக்கு 1 முதல் 3 பங்குதான். கீழேயுள்ள வெடிப்புகளில் தங்கும் நீரோ மிகவும் சொற்பம். ஆனால் அவற்றின் வழியே நீர் வெகு வேகமாக ஓடும். வெடிப்பின் அகலம் இரு மடங்கானால் அதில் செல்லும் நீர் எட்டு மடங்காகும். ஆகவே பாறை நாட்டில் மேலடுக்குத்தான் குதிர், வெடிப்பு வெறும் மடைவாய். மேலடுக்கு ஆழமாக இருந்து, அதன் அடியைத் தொட்டுக்கொண்டு நல்ல வெடிப்பும் ஓடும் இடத்தில் விழுந்த கிணறே வற்றாத கிணறு. வேலிக்கு அப்பால் பாறை மேலெழுந்து நின்று, சிதைந்த அடுக்கு எட்டடியோடு முடிந்துவிட்டால், தொண்ணூறு அடி தோண்டியும் நீர் இல்லாமற் போவதில் வியப்பென்ன?

இடம் தேர்ந்தெடுக்கும் விஷயத்தில் சில அடையாளங்களை நம்பலாம். மேட்டைவிடப் பள்ளத்தில் சிதைந்த அடுக்கு ஆழமாக இருக்கும். நேர்கோடாக ஓடும் ஓடைகள் பெரும்பாலும் பாறையின் வெடிப்பைப் பின்பற்றியே ஓடுகின்றன. கறுத்த கடினக் கல் ஒரு சுவர்போல நிலத்தின் குறுக்கே ஓடுவதைக் கண்டால், அச்சுவர் கெட்டியாக இருக்குமிடங்களில் பூமிக்குள் வரும் நீரைத் தடுத்து நிறுத்துமாதலால், மேட்டுப்புறத்தில் கிணறு வெட்டுவதே நன்று. பக்கத்துக் கிணறுகளின் சுவரை எட்டிப் பார்த்து, எத்தனை அடி வரையில் கல் உதிர்ந்திருக்கிறது, எந்தப் பக்கத்திலிருந்து நீர் கசிகிறது என்று குறித்துக்கொள்வதற்கு ஒரு காசு செலவில்லை. இதைச் செய்பவர் மிகச் சிலரே என்பதுதான் வருந்தத்தக்கது.

மணற்பாங்கான காவேரி டெல்டாவில் இருபது முப்பதடிக்கு ஒரு சிறு குழாயை இறக்கி, அதன் நுனியில் சல்லடை வைத்து இறைத்துவிடுகிறார்கள். பில்டர் பாயிண்ட் என்று அதற்குப் பெயர். அங்கே நீர் எல்லாப் பக்கமும் இருக்கிறது, தாராளமாகவும் வருகிறது, குழாய் போதும். கொங்கு நாட்டில் இருபதடிச் சதுரமும் முப்பதடிச் சதுரமுமாகக் கிணறு வெட்டினதற்குக் காரணம் பெருமைக்காகவன்று. அகன்ற கிணறு பல வெடிப்புகளைக் குறுக்கே வெட்டுகிறது. இரவு முழுவதும் மெதுவாகக் கசியும் நீரை விடியற்காலம் வரையில் சேர்த்தும் வைக்கிறது. பக்கச் சுவர்களில் துளையிட்டு வெடிப்புகளைத் தேடிப் பிடிப்பதும் இந்தக் காரணத்தாலேயே பல இடங்களில் பலன் கொடுத்திருக்கிறது.

ஏக்கர் கணக்கு

தோட்டத்துக்காரர் எவரும் ஒருமுறையாவது போட்டுப் பார்க்கவேண்டிய கணக்கு ஒன்று உண்டு. ஓர் ஏக்கர் நிலத்தின் கீழ், நீரில் ஊறிய சிதைந்த அடுக்கு 30 அடி கனம் இருப்பதாகக் கொள்வோம். இது மட்டமான நிலமன்று. அதில் வடிந்து வருவது நூற்றுக்கு 2 பங்கு. ஆகவே அந்த ஏக்கரின் கீழ் உள்ள நீர் மொத்தம் 0.6 அடி, அதாவது 7.2 அங்குலம். ஒரு போகம் நெல்லுக்குச் சுமார் 48 அங்குல நீர் வேண்டும். ஓர் ஏக்கர் நெல்லுக்கு ஆறரை ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தின் அடிநீரை, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் இறைத்தாகவேண்டும். அந்த ஆறரை ஏக்கரும் இறைப்பவருடைய சொந்த நிலமாக இருக்கிறதா என்பதை அவரே எண்ணிப் பார்க்கட்டும்.

இனி வரவைப் பார்ப்போம். கோயம்புத்தூர்ப் பக்கத்தில் வருஷ மழை சுமார் 25 அங்குலம். பாறை நாட்டில் அதில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கே அடிநீரைச் சென்றடைகிறது. மற்றது ஆவியாகிறது, பயிரும் மரமும் குடிக்கிறது, ஓடையில் ஓடுகிறது. ஆக வரவு 2½ அங்குலம். இந்த இரண்டரை அங்குலம், நூற்றுக்கு 2 பங்கே இடமுள்ள அடுக்கில் புகுந்தால், நீர் மட்டம் 125 அங்குலம், அதாவது பத்தடிக்கு மேல் ஏறும். அதே இரண்டரை அங்குலம், 16 பங்கு இடமுள்ள ஆற்று மணலில் புகுந்தால் மட்டம் ஏறுவது பதினாறு அங்குலத்துக்கும் குறைவே. ஐப்பசி மழையில் கிணறு மளமளவென்று பத்தடி ஏறியதைக் கண்டு, இனி இரண்டு வருஷத்துக்குக் கவலையில்லை என்று கரும்பும் வாழையும் வைக்கிறவர்கள் இதை நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ளவேண்டும். வேகமாக ஏறுவது நீர் அதிகம் என்பதற்கு அடையாளமன்று. பாத்திரம் சிறியது என்பதற்கே அடையாளம். ஏறின வேகத்தில் அது இறங்கவும் செய்யும்.

கிணற்றின் சக்தியை அளப்பதற்குச் சுலபமான முறை இருக்கிறது. கோடையில் ஒரு நாள் மாலை, நீரை முடிந்த மட்டும் இறைத்துவிட்டு, முடிச்சிட்ட கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி மட்டத்தைக் குறித்துக்கொள்ளவேண்டும். பன்னிரண்டு மணி நேரம் கழித்து மீண்டும் அளந்தால், இருபதடிச் சதுரக் கிணற்றில் 3 அடி ஏறியிருந்தால், ஊறிய நீர் 1,200 கன அடி, ஏறக்குறைய 34,000 லிட்டர். நாளொன்றுக்கு 2,400 கன அடி. வாரத்துக்கு 16,800 கன அடி. ஏக்கருக்கு ஓரங்குலம் பாய்ச்ச 3,630 கன அடி தேவையாதலால், இது ஏறக்குறைய 4½ ஏக்கர்-அங்குலமாகும். வாரத்துக்கு இரண்டங்குலம் கேட்கும் கேழ்வரகு போன்ற பயிரில் இரண்டேகால் ஏக்கர். வாய்க்காலில் கால் பங்கு கசிந்து போகுமானால் ஒன்றேமுக்கால் ஏக்கர்தான். இவ்வளவே அக்கிணற்றின் உண்மையான ஆயக்கட்டு. மோட்டாரின் குதிரைச் சக்தியைக் கூட்டுவதால் இந்த எண் மாறாது. கிணறு காலியாகும் நேரந்தான் குறையும்.

மாடு பூட்டிக் கவலை இறைத்த காலத்தில் இந்தக் கணக்கை மாடே பார்த்துக்கொண்டது. ஆழம் அதிகமானால் மாடு இழுக்காது. இழுத்தாலும் நாளெல்லாம் இழுக்காது. இறைத்த அளவு ஊறிய அளவை அதிகம் மீறவில்லை. 1932-ல் பைக்காரா மின்சக்தி உற்பத்தியாகிக் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்கு வந்ததற்குப் பின், வரவரக் கிணறுகளில் மின்சாரப் பம்புகள் ஏறின. விளைச்சல் பெருகியது உண்மை. அதைக் குறை சொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆனால் ஊற்றுக்கும் இறைப்புக்கும் நடுவே இருந்த பழைய கட்டு அன்றோடு அவிழ்ந்தது.

ஆழத்தில் எதைத் தேடுகிறோம்?

ஒரு தோட்டம் இரண்டு சகோதரர்களுக்குப் பாகமாகிறது என்று வைத்துக்கொள்வோம். தமையனுக்குத் தகப்பன் வெட்டின ஐம்பதடிக் கிணறு. தம்பிக்குக் கிணறில்லாத பாகம். தம்பி கடன் வாங்கி நானூறு அடிக்கு ஆழ்துளை இறக்குகிறான். நூற்றெண்பதாவது அடியில் ஒரு வெடிப்பு அகப்பட்டு நீர் பீறிடுகிறது. ஊரே வந்து பார்க்கிறது. அடுத்த கோடையில் தமையன் கிணறு வரலாறு காணாத வகையில் வற்றுகிறது. அவனும் கடன் வாங்கி அறுநூறு அடி இறக்குகிறான். தம்பியின் குழாய் காற்றை இறைக்கிறது. இரண்டு குடும்பங்களுக்கும் பேச்சு நின்றுபோகிறது. இந்தக் கதை நடவாத ஊர் இன்று பாறை நாட்டில் இல்லை.

நடந்தது இதுதான். தம்பியின் துளை புதிதாக ஒரு குளத்தைக் கண்டுபிடிக்கவில்லை. நூற்றெண்பதடியிலுள்ள வெடிப்பு எங்கோ மேலேறிச் சிதைந்த அடுக்கைத் தொடுகிறது. அந்த அடுக்கோ தமையன் கிணறு எதிலிருந்து நீர் எடுத்ததோ அதே அடுக்கு. ஒரே குதிருக்கு இன்னும் தாழ்வான இடத்தில் இன்னொரு வாய் வைக்கப்பட்டது, அவ்வளவே. முதல் நாள் பீறிட்ட நீர் வெடிப்பின் ஊடுருவவிடும் தன்மைக்குச் சாட்சி. குதிரில் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. மேலும் ஆழம் போகப் போக, மேலேயுள்ள பாறையின் பாரத்தால் வெடிப்புகள் இறுகிவிடுகின்றன. பெரும்பாலும் பயன்தரும் வெடிப்புகள் முதல் 300 அடிக்குள் முடிந்துவிடும். ஆயிரம் அடியிலும் நீர் கிடைத்த துளைகள் இல்லாமலில்லை. ஆனால் அவற்றைப் பேசுமளவுக்கு, கிடைக்காத துளைகளைப் பற்றி எவரும் பேசுவதில்லை.

வெடிப்பு ஒரு திசையில் ஓடுவதால் இன்னொரு விபரீதமும் உண்டு. அதே வெடிப்பின் மேலுள்ள கிணறு கால் மைல் தொலைவிலிருந்தாலும் வற்றும். வெடிப்புக்கு வெளியே இருபது கஜத்தில் இருப்பது வற்றாமல் நிற்கும். ஆகவே யார் கிணற்றை யார் வற்ற வைத்தார் என்று தூரத்தை மட்டும் அளந்து பஞ்சாயத்துச் செய்வது நியாயமாக முடியாது. இரண்டு மோட்டார்களையும் ஒரு வாரம் முறைமாற்றி ஓட்டி, மற்றதில் நீர் மட்டத்தை அளந்து பார்த்தால் உண்மை வெளிப்படும். ஒரே நீரென்று தெரிந்துவிட்டால், இரண்டு மோட்டாரை ஒரே நாளில் ஓட்டாமல் நாள் பிரித்துக்கொண்டு, நெல்லையும் கரும்பையும் விட்டுச் சோளம், ராகி, சொட்டு நீரில் வளரும் தென்னை என்று வைத்துக்கொள்வது, மூன்றாவது துளைக்குக் கடன் வாங்குவதைவிட மலிவானது.

ஆழத்து நீர் நெடுங்காலம் கல்லோடு கூடியிருப்பதால் உப்பும் சேர்ந்துகொள்ளும். தருமபுரிப் பக்கத்தில் குடிநீரில் புளோரைடு மிகுந்து பற்களும் எலும்புகளும் கெடுவது பலரும் அறிந்ததே. சோடியம் மிகுந்த நீரைப் பாய்ச்சினால், மண்ணின் களித்துகள்கள் பிரிந்து சந்துகளை அடைத்துக்கொள்ளும், நாளடைவில் பாய்ச்சிய நீரே உள்ளே இறங்காது, நிலம் களராகிவிடும். ஜிப்சம் இட்டு நல்ல நீரால் கழுவுவது இதற்கு மருந்து.

வேறிடங்களில்

நெய்வேலியில் நிலக்கரிப் படுகைக்கு அடியில், களிக்கும் மணற்பாறைக்கும் இடையே அடைபட்டு அழுத்தத்தோடு நிற்கும் நீர் இருக்கிறது. சுரங்கத்தின் தரை பிளந்துவிடாதிருக்க அந்நீரை இரவு பகலாக இறைக்கவேண்டியிருக்கிறது. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புப் பாறையில் நீர் கல்லையே கரைத்துக் குகைகளாக வழி செய்துகொண்டிருப்பதால், கீரிமலைக் கேணி போல ஊற்றுகள் பாய்கின்றன; அதே வழியாக அழுக்கும் வெகு வேகமாகக் கிணற்றுக்கு வந்துவிடும். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் உயர்ந்த ரக மணல் படிவுகளிலிருந்து 1960-களுக்குப் பின் அளவுக்கு மீறி இறைத்ததனால், கடல்நீர் பல மைல் உட்புகுந்து தோட்டங்கள் பாழாயின. கடலோர மணலில் நல்ல நீர், உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நல்ல நீர் நின்றால், கீழே சுமார் நாற்பதடிக்கு உப்பைத் தள்ளி வைத்திருக்கும். மேலே ஓரடி குறைந்தால் கீழே நாற்பதடி உப்பு எழும்பும். தாராளமாக வழிவிடும் மண் தாராளமாகவே விஷத்தையும் உள்ளே விடுகிறது.

கசிவு யாருடையது?

பவானிசாகர் அணையிலிருந்து புறப்படும் கீழ்பவானி வாய்க்கால் 1950-களில் வெட்டி முடிக்கப்பட்டது. ஏறக்குறைய 200 கிலோமீட்டர் நீளமும், 2,07,000 ஏக்கர் பாசனமும் உடையது. மண்ணால் அமைந்த வாய்க்காலாதலால், வழியெல்லாம் கசிந்து, இருபுறத்துச் சிதைந்த அடுக்கையும் நிரப்பி வந்திருக்கிறது. அதை நம்பி ஆயிரக்கணக்கான கிணறுகள் உண்டாயின. அண்மை ஆண்டுகளில் அதற்குக் கான்கிரீட் பூசுவது என்ற யோசனை வந்தபோது, குடியானவர்கள் இரண்டு கட்சியானார்கள். கடைமடையிலுள்ளவருக்குக் கசிவு நஷ்டம். தம் மடைக்கு வரவேண்டிய நீர் வழியிலேயே போய்விடுகிறது. கரையோரக் கிணற்றுக்காரருக்கு அந்தக் கசிவே ஜீவனம். இருவரும் பொய் சொல்லவில்லை. வாய்க்காலின் அடிமண் வெறும் மணலாக இருந்து நீர் எட்டாத ஆழத்துக்கு இறங்கிவிடும் இடம் வேறு. சிதைந்த பாறையில் புகுந்து அடுத்த கிணற்றில் திரும்ப வெளிப்படும் இடம் வேறு. கரை பலவீனமாகி உடையக்கூடிய இடம் வேறு. ஒவ்வொரு மைலுக்கும் மண்ணின் ஊடுருவவிடும் தன்மையை அளந்து, எங்கே பூசுவது, எங்கே விடுவது என்று தீர்மானிப்பதே இதில் நியாயமான வழியாகத் தோன்றுகிறது. முழுவதும் பூசு என்பதும், எங்குமே தொடாதே என்பதும் மண்ணைக் கேளாமல் சொல்லும் வார்த்தைகள்.

நீரை உள்ளே விடுதல்

ஏரிகளும் கசிவுநீர்க் குட்டைகளும் அடிநீரைப் பெருக்கும் என்பதை அனைவரும் சொல்கிறார்கள். ஆனால் வெட்டின இரண்டு மூன்று வருஷத்தில் குட்டையின் தரையில் மாவு போன்ற வண்டல் ஓர் அங்குலம் படிந்துவிட்டாலே, அதன் கீழ் எவ்வளவு நல்ல சரளை இருந்தும் நீர் இறங்குவது வெகுவாகக் குறைந்துவிடும். நீர் நின்றபடி இருப்பதைக் கண்டு, குட்டை நன்றாயிருக்கிறது என்று ஊரார் மகிழ்கிறார்கள். கசிவுநீர்க் குட்டையில் நீர் நெடுநாள் நிற்பது நோய்க்கு அறிகுறி. சித்திரை வைகாசியில் தரை காய்ந்து வெடித்திருக்கும்போது மேல் வண்டலை மட்டும் வாரி, மணற்பாங்கான காடுகளுக்கு வண்டியடிக்கலாம். அந்த மண்ணுக்கு அது ஈரம் காக்கும் எரு. சரளையைத் தாண்டி ஆழமாகத் தோண்டிவிடக் கூடாது.

பாழடைந்த பழங்கிணறுகளுக்குள் மழைநீரைத் திருப்புவதும் இப்போது பல இடங்களில் நடைபெறுகிறது. ஓடைநீரை அப்படியே கொட்டினால் கலங்கல் வெடிப்புகளில் போய் அடைத்துக்கொள்ளும். அடைபட்ட வெடிப்பைத் திறப்பது மிகவும் கடினம். ஆகையால் கிணற்றுக்குச் சில அடிகள் முன்பாக ஆறடி நீளம், ஆறடி அகலம், நான்கடி ஆழத்தில் ஒரு குழி எடுத்து, அடியில் பெரிய கற்களும், நடுவில் சல்லியும், மேலே ஓரடி பெருமணலும் பரப்பி, அதன் அடியிலிருந்து குழாய் வைத்துக் கிணற்றுக்குள் விடவேண்டும். பூச்சி மருந்தோ உரமோ தெளித்த வயல்களின் வடிநீரை இதில் விடலாகாது; முதல் மழையின் அழுக்கு நீரையும் வெளியே திருப்பிவிடவேண்டும். புரட்டாசி முடிவதற்குள், மேல் மணலில் நான்கு அங்குலத்தை வாரியெடுத்து, கழுவி உலர்த்தி மறுபடி போட்டால், ஐப்பசி மழைக்குக் குழி தயாராக இருக்கும்.